அஞ்சற் பெட்டிக்கு ஓர் அளவு

‘உமது கடிதப் பெட்டி நிறைந்துவிட்டது’ என்ற அறிவித்தல் கணினித் திரையில் தோன்றியதும், கைக்கு அகப்பட்ட கடிதங்களையெல்லாம் அழித்துவிட்டு ஆறுதலடையும் உத்தியோகத்தர்கள் பலர் உளர். மின்னஞ்சலுக்கு எல்லை எதற்கு? எல்லை வகுப்போர் முதலில் எதனைச் சிந்தித்தல் வேண்டும்? இவ்விரு வினாக்களையும் இவ்வாரம் ஆராய்வோம்.

எல்லை அவசியம் என்பதில் ஐயமில்லை. வெறும் எழுத்தாலாய கடிதம் மிகச் சிறிய இடத்தையே கொள்ளும். அதனுடன் இணைத்து அனுப்பப்படும் படங்களும் அறிக்கைகளுமே இடத்தை விழுங்குகின்றன. 5 மெகாபைட் அளவுள்ள ஓர் அறிக்கையை இருபது பேருக்கு அனுப்பினால், ஒவ்வொருவர் பெட்டியிலும் ஒவ்வொரு பிரதியாக 100 மெகாபைட் இடம் போய்விடும். இடம் பெருகப் பெருக, பாதுகாப்புப் பிரதி எடுக்கும் வேலையும் பெருகும். இயந்திரம் பழுதுற்றால் கடிதங்களை மீட்பதற்கு வேண்டிய நேரமும் நீளும்.

ஆகவே எல்லையைப் படிப்படியாக வகுப்பதே வழக்கம். மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் 2016 அமைப்பை எடுத்துக்கொள்வோம். நிருவாகி வேறு அளவு குறியாவிடின், பெட்டி 1.9 கிகாபைட்டை எட்டியதும் எச்சரிக்கை வரும், 2 கிகாபைட்டில் கடிதம் அனுப்பத் தடை ஏற்படும், 2.3 கிகாபைட்டிலேதான் கடிதம் பெறவும் தடை ஏற்படும். பெட்டியைத் துப்புரவு செய்யாத உத்தியோகத்தருக்குத் தண்டனை முதலில். அவருக்குக் கடிதம் எழுதிய வெளியாருக்கு இடையூறு கடைசியில். இது நியாயமான ஒழுங்கே.

ஆனால், எல்லையைக் கடந்த கடிதங்கள் எங்கே போகும்? இவ்வினாவுக்கு விடை காணாமல் எல்லை வகுத்தால் நேரும் விபரீதத்துக்கு, ஐக்கிய அமெரிக்காவின் உள்நாட்டு இறைவரிச் சேவையிலே நிகழ்ந்ததொரு சம்பவம் சான்றாகும்.

2011 ஜூலை வரை அங்கே ஓர் உத்தியோகத்தரின் பெட்டிக்கு 150 மெகாபைட் இடமே வழங்கப்பட்டிருந்தது. ஏறக்குறைய 1,800 கடிதங்களே அதில் அடங்கும். பின்னர் அது 500 மெகாபைட்டாக உயர்த்தப்பட்டது. கூகிள் நிறுவனம் 2004 ஆம் ஆண்டிலேயே இலவசமாக 1 கிகாபைட் இடம் கொடுக்கத் தொடங்கியிருந்தது என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும். பெட்டி நிறைந்தால் அவ்வுத்தியோகத்தர் கடிதங்களை அழிக்க வேண்டும். அன்றேல் தமது மேசைக் கணினியின் வன்தட்டுக்கு மாற்ற வேண்டும். அரசாங்கப் பதிவேடாகக் கொள்ளத்தக்கவற்றைக் கடதாசியில் அச்சிட்டு வைக்கவேண்டும் என்றும் விதி இருந்தது. வன்தட்டுக்களுக்கோ பாதுகாப்புப் பிரதி எடுக்கப்படவில்லை. மத்திய கணினியின் பிரதிகளைத் தாங்கிய நாடாக்களும் ஆறு மாதம் வைக்கப்பட்ட பின், மீண்டும் உபயோகிக்கப்பட்டு வந்தன. இவ்வழக்கம் 2013 மே மாதத்திலேதான் நிறுத்தப்பட்டது.

வரிவிலக்குக் கோரிய சில அரசியற் சார்புள்ள சங்கங்களைப் பாரபட்சமாக நடத்தியதாக 2013 இல் இச்சேவைமீது குற்றச்சாட்டு எழுந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணை நடத்தி, அப்பிரிவின் தலைவியாயிருந்த லோயிஸ் லேர்னரின் கடிதங்களைக் கேட்டது. 2011 இல் அவருடைய கணினியின் வன்தட்டுப் பழுதுற்றதால் அவற்றுட் பல மறைந்துவிட்டன என்ற விடை 2014 ஜூனிற் கிடைத்தது. அதன்பின் ஆராய்ந்த திறைசேரிப் பரிசோதகர் நாயகம், தேடுதல் நடந்துகொண்டிருந்த 2014 மார்ச்சில் 422 நாடாக்கள் அழிக்கப்பட்டன என்றும், 24,000 வரையான கடிதங்கள் இழக்கப்பட்டிருக்கலாம் என்றும் 2015 இல் அறிவித்தார். வேண்டுமென்று மறைத்ததற்குச் சான்று இல்லை என்றும் அவர் கூறினார்.

இதன் விளைவு யாது? குற்றஞ் சாட்டியோர் ஐயம் தீரவில்லை. குற்றஞ் சாட்டப்பட்டோரும் தம் கடிதங்களை முற்றாகக் காட்டித் தம்மை விடுவித்துக்கொள்ள இயலவில்லை. பொதுமக்களுக்கு உண்மை முழுமையாகக் கிட்டவில்லை. கடிதங்கள் காக்கப்பட்டிருந்தால் அவை நேர்மையாளருக்குக் கேடயமாயிருந்திருக்கும், அல்லாதாரைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

எந்தக் கடிதம் காக்கப்பட வேண்டியது என்ற தீர்ப்பை, பெட்டி நிறைந்து அவசரத்தில் இருக்கும் தனி மனிதர் ஒருவரிடம் விட்டதே இங்கு நேர்ந்த தவறு. அமெரிக்கத் தேசிய சுவடிகள் நிருவாகம் 2013 இல் ‘கப்ஸ்டோன்’ என்னும் முறையை வகுத்து இதற்கொரு பரிகாரம் காட்டியது. அம்முறையின்படி, உயர் பதவி வகிப்போரின் மின்னஞ்சல்கள் அப்பதவி காரணமாகவே நிரந்தரமாகப் பேணப்படும்; ஏனையோரின் கடிதங்கள் குறித்த காலம் வரை வைக்கப்படும். ஒவ்வொரு கடிதத்தையும் எடுத்து நிறுத்துப் பார்க்கும் சுமை உத்தியோகத்தருக்கு இல்லை.

நாளை காரியாலயங்களை நடத்தப்போகும் மாணவர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக. பெட்டிக்கு எத்தனை கிகாபைட் என்று கேட்குமுன், பெட்டியை விட்டு நீங்கும் கடிதம் எங்கே சேரும், எத்தனை ஆண்டு இருக்கும், யார் பொறுப்பு என்று கேளுங்கள். அடுக்களைப் பானை சிறிதாயிருப்பது குறையன்று. மிகுந்த நெல்லுக்குக் கொம்பறை இல்லாமையே குறை.