மண் படாத கௌரவம்

தன் வீட்டு வாசற்படியிலிருந்து தெருக்கதவு வரை பதினைந்து அடிக்கு ஒரு நடைபாதை போட்டுக்கொள்ள ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? இரண்டு கைகள் வேண்டும். இரண்டு விடுமுறை நாட்கள் வேண்டும். செங்கல்லுக்கும் மணலுக்கும் கொஞ்சம் காசு வேண்டும். இந்த மூன்றும் நம்மிடம் உண்டு. இல்லாதது, பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க மண்வெட்டியைத் தொடும் துணிச்சல் ஒன்றுதான்.

தர்மபுரியில் புதிதாக எழும்பியிருக்கும் நகர்களில் ஒரு மாலை நடந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு முற்றம் முழுவதும் சிமெண்டு. கேட்டால், "சேறு இல்லை, களை இல்லை, தொல்லை இல்லை" என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆம், தண்ணீரும் இல்லை! நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பல்லில் கறையும் எலும்பில் நோவும் கண்ட மாவட்டம் இது. ஜப்பானியக் கடன் வாங்கி, ஒகேனக்கலிலிருந்து காவிரியைக் குழாயில் கொண்டுவந்து, 2013-இல் திட்டத்தைத் திறக்க வேண்டியிருந்த மாவட்டம். இங்கே வானத்திலிருந்து இறங்குகிற நல்ல தண்ணீரின் முகத்தில் நாம் கதவைச் சாத்துகிறோம். 2003-இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது அரசு. சட்டத்துக்காக மூலையில் ஒரு குழி. சௌகரியத்துக்காக மற்ற இடமெல்லாம் சிமெண்டு. மழை எந்தப் பக்கம் போகும்? சாக்கடைப் பக்கம்தான்.

சிமெண்டின் மேல் நமக்குள்ள மோகமா இதற்குக் காரணம்? இல்லை. மண்ணின் மேலுள்ள அருவருப்பு. காலில் மண் ஒட்டக் கூடாது. அதற்கும் முன்னால், கையில் மண் ஒட்டவே கூடாது. தான் கை வைக்காத வேலையில் மனிதனுக்குப் பொறுமை இருப்பதில்லை. "ஒரே நாளில் முடித்துக் கொடுப்பா" என்கிறான். அந்த அவசரத்துக்கு ஏற்றது சிமெண்டுதான்.

மணல்மேல் செங்கல் பாவுவது மந்திர வித்தை அல்ல. மூன்றடி அகலத்துக்கு நூல் பிடித்து எட்டு அங்குலம் தோண்ட வேண்டும். நாலு அங்குலத்துக்கு ஜல்லி கொட்டித் திமிசு போட வேண்டும். அதன்மேல் ஓர் அங்குலம் மணல். அதன்மேல் மூன்று அங்குலச் செங்கல். தரையோடு சரியாகிவிட்டது கணக்கு! ஒரு பக்கமாக முக்கால் அங்குலம் சரிவு விட்டால் மழை செடிகளின் பக்கம் போகும். இரண்டு ஓரங்களிலும் கல்லைப் பக்கவாட்டில் நிமிர்த்திப் புதைத்து இறுக்கிவிட வேண்டும்; இல்லாவிட்டால் நடுவில் உள்ளவை நகர்ந்துவிடும். இடுக்குகளில் காய்ந்த மணலைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டால் தீர்ந்தது. ஒன்பதுக்கு நாலரை அங்குலக் கல்லானால் ஏறக்குறைய இருநூறு போதும். வாங்கும்போது இரண்டு கல்லைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிக்கும் அரைவேக்காட்டுக் கல் மழைக்குத் தாங்காது.

இப்படிப் போட்ட பாதையில் ஒரு கல் அமுங்கினால், அதை மட்டும் பெயர்த்து, ஒரு பிடி மணல் போட்டுத் திரும்ப வைக்கலாம். சிமெண்டுத் தரை பிளந்தால் உடைத்துத்தான் எறிய வேண்டும். ஹாலந்து தேசத்தில் எத்தனையோ தெருக்களில் இன்றும் செங்கல்லை மணல்மேல்தான் பாவுகிறார்கள். குழாய் பதிக்கத் தோண்டினால் அதே கல்லைத் திரும்ப அடுக்குகிறார்கள். நம் ஊர்த் தெருவைத் தோண்டியவர்கள் எப்படி விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

"உடம்பு ஒத்துக்கொள்ளாதே, சார்" என்கிறார்கள் சிலர். மாதச் சந்தா கட்டி உடற்பயிற்சிக் கூடத்தில் இரும்பு தூக்குகிற உடம்புக்கு, சந்தா கேட்காத ஜல்லிக் கூடை மட்டும் ஒத்துக்கொள்ளாதாம்!

வேறு சிலர் தர்மம் பேசுகிறார்கள்: "நாமே போட்டுக்கொண்டால் கொத்தனார் பிழைப்பில் மண் விழாதா?" இந்தக் கருணாமூர்த்திகளை நான் கவனித்திருக்கிறேன். கூலியில் ஐம்பது ரூபாய் குறைக்க அரைமணி நேரம் வாதாடுகிறவர்கள் இவர்களே. சித்தாள் பெண் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால், வீட்டுத் தம்ளரை விட்டுவிட்டுப் பழைய பிளாஸ்டிக் பாட்டிலைத் தேடுகிறவர்களும் இவர்களே. பதினைந்தடிப் பாதையால் எந்தக் கொத்தனாரும் பட்டினி கிடக்க மாட்டார். அவரைப் பட்டினி போடுவது நம்முடைய பேரம்.

பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் கட்டட வேலைக்குப் பெங்களூருக்கு ரயிலும் பஸ்ஸும் ஏறுகின்றன. ஊரார் வாசலுக்கெல்லாம் பாதை போடுகிறது இந்த மாவட்டத்துக் கை. இதே மாவட்டத்தில், பரீட்சை தேறி நாற்காலியில் அமர்ந்த இன்னொரு கை, கடப்பாரையைத் தொட்டால் தீட்டு என்கிறது. இந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் பல வீடுகளில் ஒரு தலைமுறைதான் இடைவெளி. அப்பா ஏர் பிடித்தவர். பிள்ளைக்கு மண்ணைக் கண்டால் கூச்சம். இதற்குப் பெயர் முன்னேற்றம்!

1874-இல் ஜான் ரஸ்கின், ஆக்ஸ்போர்டு மாணவர்களைப் பக்கத்திலிருந்த ஹிங்க்ஸி கிராமத்துக்குப் பாதை போட அழைத்துப் போனார். பத்திரிகைகள் சிரித்தன. பாதையும் சுமாராகத்தான் அமைந்தது. இருக்கட்டுமே! அதே ரஸ்கினின் புத்தகம் ஒன்றை 1904-இல் தென்னாப்பிரிக்காவில் ரயிலில் படித்தார் ஒரு வக்கீல். வக்கீலின் உழைப்புக்கும் நாவிதரின் உழைப்புக்கும் மதிப்பு ஒன்றே என்று தெளிந்தார். அந்த வக்கீல் யாரென்று உங்களுக்குத் தெரியும். அவர் படம் போட்ட நோட்டை நீட்டித்தான் நம் வேலையையெல்லாம் பிறர் தலையில் தள்ளுகிறோம்.

ஒரு செங்கல் பாதையால் நாடு திருந்திவிடுமா என்று கேட்பீர்கள். திருந்தாது. நிலத்தடி நீர்கூட அதனால் ஓர் அங்குலம் ஏறிவிடாது. ஆனால் பதினைந்தடி மண்ணைத் தோண்டித் திமிசு போட்டவன், அடுத்த தடவை தன் வாசலில் வந்து நிற்கும் கொத்தனாரிடம் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேச மாட்டான். தோளில் வலி இருக்கும்போது அந்தப் பேச்சு வாயில் வராது.