மூக்கை மட்டும் நம்பினால்...

பிரியாணியோ ஹலீமோ, ஹைதராபாத் சமையலறையில் இஞ்சி பூண்டு விழுது இல்லாமல் வேலை நடக்காது. தினமும் அரைக்க நேரமில்லாதவர்கள் கடையில் வாங்குகிறார்கள். அதன் யோக்கியதை 2024-ல் தெரிந்தது: போயன்பல்லியில் சுமார் 1,500 கிலோ கலப்பட விழுதைப் போலீசார் பறிமுதல் செய்தனர். அதற்குப் பிறகு வீட்டிலேயே மொத்தமாக அரைத்து வைத்துக்கொள்வது பத்திரம் என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் எத்தனை நாளைக்கு?

கெட்டுப்போன விழுதைக் கண்டுபிடிப்பது சுலபம் என்பது பொதுவான நம்பிக்கை. பூஞ்சை படரும், புளித்த வாடை வரும், குமிழ் விடும், மூடி உப்பும். இதில் ஏதாவது தெரிந்தால் மேலாக வழித்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தும் சிக்கனம் வேண்டாம். பாட்டிலோடு கொட்டிவிட வேண்டியதுதான். வேடிக்கை என்னவென்றால், பலரைப் பயமுறுத்தும் பச்சை நிறம் ஆபத்தில்லாதது. பூண்டில் உள்ள கந்தகச் சேர்மங்கள் எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்போடு சேரும்போது பச்சையோ நீலமோ ஆகும். இஞ்சி காற்றுப்பட்டுப் பழுப்பேறுவதும் அப்படித்தான்.

நிஜ ஆபத்துக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. மண்ணில் வாழும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இஞ்சி, பூண்டோடு ஒட்டி வரலாம். காற்றில்லாத, புளிப்பில்லாத, வெதுவெதுப்பான இடம் கிடைத்தால் முளைத்து, நரம்பைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கும். விழுதின் மேல் ஊற்றும் எண்ணெய் காற்றைத் தடுத்து அந்த இடத்தைத்தான் அமைத்துக் கொடுக்கிறது. 1985-ல் கனடாவின் வான்கூவரில் ஒரு உணவு விடுதியில், ஃப்ரிட்ஜில் வைக்காத எண்ணெய்ப் பூண்டு 36 பேரைப் படுக்க வைத்தது. ஹைதராபாத்தின் 40 டிகிரி மே மாதத்தைச் சேர்த்து யோசித்துக்கொள்ளலாம்.

எண்ணெயில் வைத்த பூண்டு ஃப்ரிட்ஜிலும் 4 நாளைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க உணவு நிபுணர்களின் கணக்கு. வீட்டு விழுதுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். வினிகரும் உப்பும் கைகொடுக்கும் என்றாலும், கையளவாகச் சேர்த்துவிட்டு அலமாரியில் வைப்பது துணிச்சல். சுத்தமான வழி ஃப்ரீஸர். ஐஸ் டிரேயில் விழுதை நிரப்பி உறைய வைத்து, கட்டிகளைத் தட்டியெடுத்து மூடிய டப்பாவில் போட்டு, திரும்ப ஃப்ரீஸரிலேயே வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். தேவைக்கு ஒன்றிரண்டை எடுத்து, உருகும்வரை காத்திருக்காமல் நேராகச் சட்டியில் போடலாம். ஐஸ் டிரேயை மட்டும் தனியாக ஒதுக்கிவிடுவது நல்லது. அதே டிரேயில் உறைந்த ஐஸ் போட்ட எலுமிச்சை ஜூஸை விருந்தாளிகள் மன்னிக்க மாட்டார்கள்.