அரக்கோணத்திலிருந்து கிண்டிக்கு



அரக்கோணம் சந்திப்பின் நடைமேடையில் ஒரு நாழிகை நின்று பாருங்கள். ஒரு தடம் சென்னைக்குச் செல்கிறது, ஒன்று திருத்தணி வழியாக ரேணிகுண்டாவுக்கு, ஒன்று காட்பாடிக்கு, மற்றொன்று காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டுக்கு. சென்னைத் தடத்தில் சுமார் 70 கிலோமீட்டர் சென்றால் மாநகரம். அங்கே கிண்டிக் காட்டை ஒட்டி, 1959ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் தொடங்கப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகம், அதாவது ஐ.ஐ.டி., இருக்கிறது. ரயிலுக்கு இது சிறு தொலைவு. மாணவனுக்கோ பல ஆண்டுப் பயணம்.

அந்தப் பயணத்தின் அளவை முதலில் தெரிந்துகொள்வோம். பி.டெக். படிப்பில் சேர விரும்புவோர் பொதுவாக இரண்டு வாயில்களைக் கடக்க வேண்டும். முதலாவது ஜே.இ.இ. மெயின் தேர்வு. அதில் முன்னணியில் வரும் சுமார் 2,50,000 பேர் மட்டுமே ஜே.இ.இ. அட்வான்ஸ்டு என்னும் இரண்டாம் தேர்வை எழுதலாம். 2025இல் சுமார் 1,80,000 பேர் அதை எழுதினார்கள். நாட்டிலுள்ள 23 ஐ.ஐ.டி.களிலும் சேர்த்து இருந்த இடங்கள் சுமார் 18,000. பத்துப் பேருக்கு ஓர் இடம்! அந்தப் பத்துப் பேரும் ஏற்கெனவே சலித்து எடுக்கப்பட்டவர்கள்.

இதைக் கேட்டதும் பலர் குறுக்கு வழி தேடி ஓடுகிறார்கள். கட்டுக் கட்டாக வினாத் தொகுப்புகளை வாங்கி, சூத்திரங்களை நெட்டுருப் போடுகிறார்கள். இது வீண் உழைப்பு என்பது என் கருத்து. ஏன் என்று ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன்.

மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில், பிரேக் போட்டபின் 400 மீட்டர் ஓடி நிற்கிறது. அதன் எதிர்முடுக்கம் என்ன? சூத்திரம் தெரிந்தவர் உடனே விடை சொல்வார்: வினாடிக்கு வினாடி 0.5 மீட்டர். நன்று. அதே ரயில் இரு மடங்கு வேகத்தில் வந்து, அதே விசையில் பிரேக் போட்டால் எவ்வளவு தூரம் ஓடும்? 800 மீட்டர் என்று அவசரப்படாதீர்கள். வேகம் இரட்டித்தால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது. விசை மாறவில்லை, எனவே அந்த ஆற்றலைக் கரைக்க நான்கு மடங்கு தூரம், அதாவது 1,600 மீட்டர் வேண்டும். இப்படி 'ஏன்' என்று கேட்டுப் பழகியவரைப் புதிய வினா எதுவும் மிரட்டாது. இந்தப் பழக்கத்துக்குப் பெரிய நகரமோ பெருங்கட்டணமோ தேவையில்லை. பள்ளிப் பாடநூலும், ஒரு நோட்டுப் புத்தகமும், கேள்வி கேட்டால் கோபிக்காத ஓர் ஆசிரியரும் போதும். ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கலாம்.

ஆனால் உழைப்பால் மட்டும் தீராத ஒரு தடையும் உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. ஜே.இ.இ. மெயின் தேர்வை 2021 முதல் தமிழிலும் எழுதலாம். அட்வான்ஸ்டு தேர்வின் வினாத்தாளோ 2025இலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருந்தது. முதல் வாயிலில் தமிழ் அறிந்து வரவேற்றுவிட்டு, இரண்டாம் வாயிலில் தமிழுக்கு இடமில்லை என்பது என்ன நியாயம்? 'பின்னர் வகுப்புகள் ஆங்கிலத்தில்தானே நடக்கும்' என்பார்கள். உண்மைதான். வகுப்பில் சேர்ந்தபின் மொழியை ஓராண்டில் கற்றுக்கொள்ளலாம். மூன்று மணி நேரத் தேர்வில் தவறாகப் புரிந்துகொண்ட ஒரு வினாவை மீட்க முடியாது. தேர்வு அளக்க வேண்டியது இயற்பியல் அறிவையே. ஆகவே அதுவும் தமிழில் வரவேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். அது வரும்வரை கைகட்டி இருக்கவும் கூடாது. முடுக்கம், உந்தம், நிலைமம் என்று படிக்கும்போதே, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஆங்கிலச் சொல்லையும் எழுதி வையுங்கள். நாளுக்கு ஐந்து சொல் போதும். இரண்டாண்டில் வினாத்தாள் உங்களுக்கு அந்நியமாக இராது.

கடைசியாக ஒன்று. மீதி ஒன்பது பேர் தோற்றவர்கள் அல்லர். 1794இல் தோன்றிய கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே சேரலாம். தமிழ்நாட்டில் பொறியியலுக்கான மாநில நுழைவுத் தேர்வு 2007இலேயே நீக்கப்பட்டுவிட்டது. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்து ரயில்வே ஊழியரின் மகன். அவர் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்து, பின்னர் பொறியியல் பட்டம் பெற்று, ஆராய்ச்சி மாணவராகவே சென்னை ஐ.ஐ.டி.க்குள் நுழைந்தார். 2023 ஆகஸ்டு 23 அன்று அவர் குழுவின் கலம் நிலவில் இறங்கியது.

விழுப்புரமும் ஒரு சந்திப்பு. அரக்கோணமும் ஒரு சந்திப்பு. ஒரு வண்டி தவறினால் அடுத்த வண்டி உண்டு என்பதை ரயிலடி ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விண்ணப்பியுங்கள், முழு மனத்தோடு படியுங்கள். அந்தப் படிப்பு எந்தத் தடத்திலும் உங்களோடு வரும்.