இதனால என்ன பிரயோஜனம்?



கணக்கு வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து அடிக்கடி எழும் கேள்வி இது. நானும் கேட்டவன்தான். கேட்டுவிட்டுப் படிக்காமல் விட்டேன். கணக்கில் அரியர் விழுந்ததுதான் கண்ட பிரயோஜனம்!

என் எண்ணத்தை மாற்றியது சி லேப். ஃபாக்டோரியல் புரோகிராம் எழுதி 17 கொடுத்தேன். விடை மைனஸ் 288522240! பெருக்கப் பெருக்க வளர வேண்டியது மைனஸுக்கு எப்படிப் போச்சு? "மொத்தம் 32 பிட். ஒண்ணு பிளஸ், மைனஸ் குறிக்கு. மீதி 31ல அடங்குற பெரிய எண் 2147483647. அதைத் தாண்டினா இப்படித்தான்ப்பா" என்றார் சார். போகிற போக்கில், "அது ஒரு பகா எண், தெரியுமா?" என்றும் சொன்னார்.

தேடிப் படித்தேன். 31 இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தால் வருவது அந்த எண். 31 பகா எண் என்பதால் இதுவும் பகா எண்ணாகிவிடும் என்று நினைக்காதீர்கள். 11ம் பகா எண்தான். ஆனால் 11 இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தால் 2047. அது 23 × 89!

2147483647 பகா எண்தான் என்று 1772ல் நிரூபித்தவர் ஆய்லர். அப்போது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டது. 46340 வரை உள்ள 4792 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டிய கணக்கு. ஆய்லர் என்ன செய்தார்? இதை வகுக்கும் பகா எண் ஒன்று இருந்தால், அதை 62ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும். 8ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 வரவேண்டும். இந்தச் சல்லடையில் மிஞ்சுபவை நூறுக்கும் குறைவு. எதுவும் மீதியில்லாமல் வகுக்கவில்லை!

6 = 1 + 2 + 3. இப்படித் தன்னைவிடச் சிறிய வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் எண் நிறைவெண். ஆய்லரின் பகா எண்ணிலிருந்தும் ஒரு நிறைவெண் கிடைக்கிறது. இதைவிடப் பெரியதை யாரும் தேடப்போவதில்லை, இவை வெறும் வேடிக்கை, உபயோகமில்லை என்று 1811ல் எழுதினார் பீட்டர் பார்லோ. சாதாரண ஆளல்ல, எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் அறிந்த 'பார்லோ சக்கரம்' அவருடையதுதான்.

நடந்தது என்ன? 1876ல் லூக்கா 39 இலக்கப் பகா எண்ணைக் கண்டார். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டதற்கு 41024320 இலக்கங்கள்!

உபயோகம்? 32 பிட்டின் எல்லையாக அமைந்தது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் 1969ல் லூயிஸ், குட்மன், மில்லர் மூவரும் ஐ.பி.எம். கம்ப்யூட்டரில் தாறுமாறான எண்களை உண்டாக்க இந்தப் பகா எண்ணையே பிடித்தார்கள். ஓர் எண்ணை 16807ஆல் பெருக்கி, 2147483647ஆல் வகுத்து, மீதியை எடு. அதையே மறுபடி பெருக்கு. 2147483646 வெவ்வேறு எண்கள் வந்த பிறகுதான் முதல் எண் திரும்பும். பகா எண்ணாக இல்லாவிட்டால் அது நடக்காது.

என் கருத்து இதுதான். பிரயோஜனம் என்ன என்று கேட்பது தப்பில்லை. கேட்ட கையோடு 'ஒண்ணுமில்லை' என்று நாமே பதில் எழுதிக்கொள்வதுதான் தப்பு. பார்லோவே சறுக்கிய இடம் அது, நான் எம்மாத்திரம்?

அரியர் பரீட்சையை மறுபடி எழுதியிருக்கிறேன். ரிசல்ட்டுக்குத்தான் வெயிட்டிங்!