ஆனை வாங்கியாச்சு, அங்குசம் எங்கே?

ஆனை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பவனைக் கண்டால் ஊர் சிரிக்கும். ரிமோட் டிரக், பக்கி என்று வாங்கி வைத்திருக்கும் எங்கள் கூட்டத்தின் பாடு அதைவிடக் கேவலம். காசை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் நிற்கிறோம். எந்த அங்குசம் எங்கள் ஆனைக்கு ஆகும் என்று சொல்லத்தான் நாதியில்லை.

முன்சக்கரத்தை இடமும் வலமுமாகத் திருப்புகிற சின்னப் பெட்டியான ஸ்டியரிங் சர்வோதான் அந்த அங்குசம். நீளம் சுமார் 40 மில்லிமீட்டர், அகலம் 20. உள்ளே ஒரு மோட்டார், நாலைந்து பற்சக்கரம், ஒரு சர்க்யூட். விலை குறைந்த வண்டியில் பெரும்பாலும் பல்லெல்லாம் பிளாஸ்டிக். கும்பப்பூ அறுப்பு முடிந்த வயலில் அதை ஓட்டிப் பாருங்கள். சக்கரம் நெல்தாளில் முட்டுகிறபோதெல்லாம் அந்த அடி கம்பி வழியாக ஏறி பல்லில் போய் விழும். ரெண்டு பல் உதிர்ந்தால் போதும். வண்டி ஓடும், திரும்பாது. நேரே வாய்க்கால்தான்.

வயல் வேண்டாம், கடற்கரைக்குப் போகலாம் என்றால் அது இன்னும் விசேஷம். நம் குமரிக் கரை மணலில் இல்மனைட்டும் கார்னெட்டும் கிடக்கின்றன. மணவாளக்குறிச்சியில் மத்திய அரசு ஆலை வைத்துப் பிரித்தெடுப்பது இவற்றைத்தான். கார்னெட் என்பது உப்புத்தாளில் ஒட்டுகிற சரக்கு. சங்குத்துறைக் கடற்கரையில் அரை மணி நேரம் ஓட்டினால் அது பல்லுக்கு நடுவே புகுந்து என்ன வேலை பார்க்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதில் பெட்டிக்குள் ஈரம் ஏற்ற தென்மேற்கு, வடகிழக்கு என்று வருஷத்துக்கு ரெண்டு மழை வேறு.

சரி, போனது போகட்டும், புதுசு ஒன்று மாட்டலாம் என்றால் எங்கே வாங்க? நாகர்கோவில் பொம்மைக் கடையில் கேட்டால் முழு வண்டியைக் காட்டுகிறார்கள். 2020 நவம்பரில் அலி எக்ஸ்பிரஸ் என்ற சீன ஆன்லைன் கடையைத் தடை செய்துவிட்டார்கள். அந்த வாசலும் அடைந்தது. பொம்மைகளின் இறக்குமதி வரி அதே 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. முழு வண்டிக்கே கை கடிக்கிறது. மிச்சம் இருப்பது சென்னை ரிச்சி தெருவும், இன்ஜினியரிங் மாணவர்களுக்கு ரோபோ சாமான் விற்கிற ஆன்லைன் கடைகளும்தான்.

வம்பு அங்கேதான் தொடங்குகிறது. அவர்கள் விற்பது ரோபோ கைக்கான சரக்கு. வண்டி என்று ஒன்று இருப்பதையே அவர்கள் நினைப்பதில்லை. எம்ஜி996ஆர் என்று ஒரு சர்வோ, முந்நூறு நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும். 55 கிராம் எடை. 6 வோல்ட்டில் 11 கிலோ இழுக்கும், 60 பாகை திரும்ப 0.14 விநாடி என்பது தாளில் உள்ள கணக்கு. அதே பெயரை ஒட்டிக்கொண்டு எத்தனையோ நகல்கள். இது போதாதென்று, அதே பெயரில், அதே படத்தோடு 360 பாகை சுற்றுகிற ரகமும் விற்கிறார்கள். எனக்கு வந்து சேர்ந்தது அதுதான். மாட்டி, சுவிட்சைப் போட்டு, ஸ்டியரிங்கைத் தொட்டேன். சர்வோ நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் கம்பியை மடக்கிக்கொண்டு சுற்றப் பார்த்தது. கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"தம்பி, இது எத்தனை பாகை ரகம்?"

"மெட்டல் கியர் சார்."

"அது கெடக்கட்டும். 20 கிலோன்னு இன்னொண்ணு போட்டிருக்கியளே, அது எத்தனை வோல்ட்டுல?"

"20 கிலோ சார், நல்லா இழுக்கும்."

இவரிடம் என்ன பேச? 20 கிலோ என்றால் தண்டின் மையத்திலிருந்து ஒரு சென்டிமீட்டரில் 20 கிலோ. தண்டில் மாட்டுகிற கைப்பிடி ரெண்டு சென்டிமீட்டர் நீளமாக இருந்தால் பாதிதான். அதுவும் பெரும்பாலும் 6 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால்தான் உண்டு. வண்டியின் ஸ்பீடு கன்ட்ரோலர் கொடுப்பதோ பெரும்பாலும் 5 அல்லது 6. மின்சாரம் போதாமல் சர்வோ திணறினால் ரிசீவரும் சேர்ந்து அணைந்துபோகும். தண்டில் பல் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி வேறு: ஃபுட்டாபா 25, ஹைடெக் 24, சான்வா 23. ஒன்றுக்கு வாங்கிய கைப்பிடி மற்றதில் ஏறாது. சில ரெடிமேட் வண்டிகளில் சர்வோவுக்கு ஐந்து வயர்; கடையில் கிடைப்பது மூன்று வயர். அப்படியென்றால் ரிசீவரையும் கன்ட்ரோலரையும் மாற்ற வேண்டும். நானூறு ரூபாய் வேலை நாலாயிரத்தில் போய் நிற்கும்.

இவ்வளவுக்கும் நாங்கள் கேட்பது பெரிய சரக்கு இல்லை. பத்தில் ஒரு பங்கு அளவுள்ள பக்கிக்கு 6 வோல்ட்டில் நிஜமான 10 கிலோ, 0.15 விநாடிக்குள் வேகம், உலோகப் பல், அடியைத் தாங்க ஒரு சர்வோ சேவர். கல்லேறுகிற கனத்த டிரக் என்றால் 20 கிலோவும், அதற்குத் தனியாக மின்சாரம் கொடுக்க பி.இ.சி. என்ற ஒரு சின்னப் பெட்டியும். அவ்வளவுதான்.

விற்கிற அண்ணாச்சிமாரே, கிலோவை மட்டும் கொட்டை எழுத்தில் போடாதீர்கள். எத்தனை வோல்ட்டில் அந்தக் கிலோ, எத்தனை பாகை, தண்டில் எத்தனை பல், எத்தனை வயர் என்று நாலு வரி எழுதுங்கள். வாங்குகிற மக்கா, அந்த நாலு வரி இல்லாத சர்வோ நூறு ரூபாய்க்குக் கிடைத்தாலும் வேண்டாம்.