மார்ஸ் கடவுளும் நமது செவ்வாயும்

கடவுள்களில் செத்துப்போன கடவுள்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. அவர்களுக்குக் கோவில் இல்லை, பூசாரி இல்லை, படையல் இல்லை, பயப்படுவாரும் இல்லை. ஆனால் பெயர் மாத்திரம் உலகமெங்கும் மக்கள் வாயில் அடிபட்டுக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு கடவுளின் கதையை இவ்வாரம் எடுத்துக்கொள்ளுகிறோம். அவர் பெயர் மார்ஸ். ரோமாபுரியாரின் யுத்தக் கடவுள். தூர தேசத்துக் கடவுளைப்பற்றி நமக்கு என்ன கவலை என்று கேட்கலாம். எந்தக் கிரகத்திற்கு அவர் பெயரை வைத்தார்களோ, அதே கிரகந்தான் இன்று நம் வீட்டுப் பெண்களின் கலியாணத்திற்குக் குறுக்கே நந்திபோல் நிற்கிறது. கவலை அதனால்தான்.

மார்ஸ் சாமானியக் கடவுளல்ல. ரோமாபுரியை உண்டாக்கிய ரோமுலஸ் இவருக்குப் பிறந்த பிள்ளை என்பது அந்நாட்டுப் புராணம். படைகள் பழகிய வெளிக்கு மார்ஸ் மைதானம் என்று பெயர். பழைய ரோமாபுரிக் கணக்கில் வருஷத்தின் முதல் மாதமே இவர் மாதம். குளிர் விட்டுப் படை கிளம்புகிற காலம் அது. ஜூலியஸ் சீசரைக் கொன்றவர்களை வென்றால் கோவில் கட்டுவதாக நேர்ந்துகொண்ட அகஸ்டஸ் சக்ரவர்த்தி, கி.மு. 2-ல் இவருக்குப் “பழிவாங்கும் மார்ஸ்” என்ற பெயரால் பெரிய கோவிலொன்றைத் திறந்துவைத்தார். நேர்த்திக்கடன், பலி, பூசாரி ஆகிய நம்மிடமுள்ள சரக்கெல்லாம் அவர்களிடமும் இருந்தது.

பிறகு நடந்ததென்ன? ரோமாபுரி கிறிஸ்து மதத்திற்கு மாறிற்று. கி.பி. 391, 392-ல் தியோடோசியஸ் சக்ரவர்த்தி சட்டம் போட்டுப் பலியையும் பழைய கோவில் வழிபாட்டையும் தடுத்தார். எத்தனையோ யுத்தங்களை ஜெயித்துக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட யுத்தக் கடவுளுக்கு ஒரு துண்டு உத்தரவை ஜெயிக்க முடியவில்லை. இன்று அக்கோவிலில் பாக்கி நிற்பவை சில தூண்களும் கற்களுமே.

ஆனால் பெயர் சாகவில்லை. ஆங்கிலேயரின் மார்ச், ருஷியரின் மார்த், எகிப்தியரின் மாரிஸ், மலாய்க்காரரின் மாச் எல்லாம் அவர் மாதமே. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரிலும் அவர் வருஷந்தோறும் 31 நாள் குடியிருக்கிறார். பிரெஞ்சுக்காரர் செவ்வாய்க்கிழமையை மார்தி என்கிறார்கள். ஸ்பெயின்காரர் மார்தெஸ் என்கிறார்கள். இரண்டும் “மார்ஸின் நாள்” என்பதன் சிதைவுகளே. ஆங்கிலேயரின் முன்னோர் மட்டும் மார்ஸுக்குப் பதிலாகத் தங்கள் போர்க் கடவுளான டியூவை வைத்து ட்யூஸ்டே என்றார்கள். 1919-ல் பஞ்சாப் மக்களைத் தவிக்கவைத்த மார்ஷியல் சட்டத்தின் “மார்ஷியல்” என்ற சொல்லும் இவர் பெயரிலிருந்து பிறந்ததுதான்.

இதில் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். ஆறாம் நூற்றாண்டில் இன்றைய போர்ச்சுகல் நாட்டுப் பிராகா நகரத்தில் ஒரு பிஷப் இருந்தார். கிறிஸ்தவர்கள் நாட்களுக்குப் பேய்களின் பெயரைச் சொல்லலாமா என்று அவர் கண்டித்தார். போர்ச்சுகீசியர் இன்றைக்கும் அந்நாளை மூன்றாம் நாள் என்ற பொருள்படவே அழைக்கிறார்கள். ஆனால் அந்த பிஷப்பின் பெயர் என்ன தெரியுமா? மார்ட்டின்! “மார்ஸைச் சேர்ந்தவன்” என்பதே அதன் பொருள். போப்பை எதிர்த்த மார்ட்டின் லூதருக்கும், கத்தி எடுக்காமல் அமெரிக்கக் கறுப்பு மக்களின் உரிமைக்குப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்குக்கும் யுத்தக் கடவுளின் பெயர்தான். அதனால் அவர்களுக்கு என்ன வந்துவிட்டது? பெயர் வெறும் பெயராகிவிட்டால் அதற்குப் பல்லும் இல்லை, நகமும் இல்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

இனி ஆகாயத்திற்குப் போவோம். வானத்தில் சிவப்பாகத் தெரியும் ஒரு கிரகத்தைப் பார்த்த ஜனங்கள், இரத்தத்தையும் நெருப்பையும் நினைத்தார்கள். பாபிலோன் தேசத்தார் தங்கள் கொள்ளை நோய்க் கடவுளான நெர்கலின் கிரகம் என்றார்கள். கிரேக்கர் தங்கள் போர்க் கடவுள் ஏரெஸின் கிரகம் என்றார்கள். அதைப் பார்த்து ரோமாபுரியார் மார்ஸ் என்றார்கள். சீனர் நெருப்பு நட்சத்திரம் என்றார்கள். வடமொழியார் தணல் என்று பொருள்பட அங்காரகன் என்றார்கள். நாம் செம்மையிலிருந்து செவ்வாய் என்றோம். நாம் கேட்டை என்கிற சிவந்த நட்சத்திரத்தைக் கிரேக்கர் ஏரெஸுக்குப் போட்டி என்று பொருள்பட அந்தாரெஸ் என்றார்கள். இத்தனை பெயருக்கும் காரணம் ஒன்றே, அந்தச் சிவப்பு. அந்தச் சிவப்புக்குக் காரணம் என்ன? துரு! அங்குள்ள மண்ணில் இரும்புத் துரு கலந்திருக்கிறது. பழைய மண்வெட்டியில் ஏறுகிற துருவைக் கண்டு யாராவது கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறார்களா?

ஏழு கிரகங்களை ஏழு நாளுக்குப் பங்கிட்ட கணக்கும் ரிஷிகள் ஞானதிருஷ்டியில் கண்டதல்ல. மத்தியதரைக் கடல் நாடுகளின் சோதிடத்திலிருந்து அது இந்தியாவுக்கு வந்தது. கிழமை குறித்த பழைய இந்தியக் கல்வெட்டு ஏரணில் உள்ள கி.பி. 484-ஆம் வருஷத்தியது. நம் சோதிடர்கள் சொல்லும் ஹோரை, கேந்திரம் என்பவை கிரேக்கச் சொற்கள். ஆகவே அவர்கள் வேதவாக்காகக் காட்டுவது கடல் தாண்டி வந்த சரக்கு என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

வெள்ளைக்காரர்கள் எல்லோரும் மூடநம்பிக்கையை விட்டவர்கள் என்று நாம் சொல்லவரவில்லை. செவ்வாயன்று கலியாணமும் செய்யாதே, கப்பலும் ஏறாதே என்ற பழமொழி ஸ்பெயினில் உண்டு. கெப்லர் என்ற ஜெர்மானிய வான சாஸ்திரியும் பிழைப்புக்காக ஜாதகம் கணித்தவர்தான். ஆனால் அவர் ஜாதகத்தோடு நிற்காமல், டைக்கோ பிராகே பல வருஷம் அளந்துவைத்த கணக்குகளைக் கொண்டு செவ்வாயின் பாதை வட்டமல்ல, நீள்வட்டம் என்று 1609-ல் நூல் எழுதி வெளியிட்டார். கணக்குக்கு முன் கடவுள் விலகிக்கொண்டார். பெயர் மட்டும் அடையாளச் சீட்டாக நின்றது.

நம் நாட்டில் நடப்பதோ தலைகீழ். இங்கே செவ்வாய்க்குச் சுபம் என்று பொருள்படும் மங்களன் என்ற பெயரையும் வைத்தார்கள். அவனே தாலிக்கு எமன் என்றும் சொல்லுகிறார்கள். லக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆம் வீடுகளில் செவ்வாய் இருந்தால் தோஷமாம். மொத்தம் 12 வீடு. அதில் 5 வீடு தோஷம். அப்படியானால் லக்கினத்தை மாத்திரம் பார்த்தாலே நூற்றுக்குச் சுமார் 42 பேர் தோஷக்காரர்களாகிறார்கள். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணினால் தொகை இன்னும் ஏறும். உலகத்தில் ஏறக்குறையப் பாதிப்பேர் துணையைக் கொல்லப் பிறந்தவர்களா? இந்தக் கணக்கு உதைக்கும் என்று தெரிந்துதான் விதிவிலக்கு, பரிகாரம் என்று வாசல்களைத் திறந்துவைத்து, ஒவ்வொரு வாசலிலும் தட்சணை வாங்குகிறார்கள்.

மிக அருகே வரும்போதுகூடச் செவ்வாய் சுமார் 5½ கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அங்கிருந்துகொண்டு ஒரு துருப்பிடித்த மண்ணுருண்டை, இங்கே ஒரு வீட்டில் இருக்கும் பெண்ணைத் தேடி வந்து அவள் புருஷனைக் கொல்லுமாம். தோஷம் ஆணுக்கும் உண்டென்று சாஸ்திரம் சொன்னாலும், வயது ஏறி, அக்கம்பக்கத்தார் பேச்சுக்குப் பதில் சொல்லமுடியாமல் மூலையில் உட்காருகிறவள் யார்? பெண்தானே!

2013-ஆம் வருஷம் நவம்பர் 5-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மங்கள்யான் என்ற விண்கலத்தை ஏவினார்கள். அன்று என்ன கிழமை? “செவ்வாய் வெறுவாய்” என்று நம்மவர் ஒதுக்கிவைக்கும் அதே செவ்வாய்க்கிழமை! அது 2014 செப்டம்பர் 24-ல் செவ்வாயைச் சுற்றத் தொடங்கி, ஆறு மாதத்திற்கென்று செய்யப்பட்டது 2022 வரைக்கும் உழைத்தது. ஏவுவதற்கு முன் அந்த ஸ்தாபனத்தின் தலைவர் திருப்பதிக்குப் போய்க் கும்பிட்டு வந்தார் என்பது வேறு சங்கதி. கலத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது கணக்கா, கற்பூரமா என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

முடிவாக ஒன்று. 1877 ஆகஸ்டில் வாஷிங்டனில் அசாப் ஹால் என்பவர் செவ்வாயின் சந்திரர்களைத் தேடினார். தேடிச் சலித்து விட்டுவிட நினைத்தபோது, இன்னும் பாருங்கள் என்று ஊக்கியவர் அவர் மனைவி ஆஞ்சலின் ஸ்டிக்னி. கல்லூரியில் அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அந்த அம்மையார்தான். அடிமை ஒழிப்புக்கும் பெண்கள் ஓட்டுரிமைக்கும் நின்றவர். சந்திரர்கள் இரண்டு அகப்பட்டன. ஏரெஸின் பிள்ளைகளான போபோஸ், டெய்மோஸ், அதாவது பயம், திகில் என்ற பெயர்களை அவற்றிற்கு வைத்தார்கள். அந்தப் பயம் என்ற சந்திரனிலுள்ள மிகப் பெரிய பள்ளத்துக்கு இன்று ஸ்டிக்னி என்று பெயர்.

அங்கே ஒரு பெண்ணின் பெயர் பயத்தின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. இங்கே அதே செவ்வாயின் பயத்தை ஒரு பெண்ணின் ஜாதகத்தில் எழுதிவைத்திருக்கிறோம். செவ்வாய் என்ற பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். பெயரோடு நமக்குச் சண்டையில்லை. அந்தப் பயம் ஒழியட்டும். அதற்கு ஆகாயத்துக்குப் போகவேண்டியதில்லை. பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது ஜாதகத்தைக் கேட்காமலும் கொடுக்காமலும் இருந்தாலே போதும்.