ஆறில் ஒரு பங்கு

சக இதழ் ஒன்று வீடியோ கேம்களுக்கென்று சிறப்புப் பகுதி வெளியிட்டிருக்கிறது. வரவேற்க வேண்டிய காரியம்தான். சினிமாவைப் பற்றி எழுதினாலே முகம் சுளித்த நம் சூழல் இவ்வளவு தூரம் வந்ததே பெரிது. எரிச்சல் அதிலிருந்த ஒரு விவாதத்தைப் பற்றியது. தொண்ணூறுகளின் ஆட்டங்களில் இருந்த உயிர் இன்றைய ஆட்டங்களில் இல்லை என்கிறார் ஒருவர். அது ஆட்டத்தின் உயிரல்ல, உங்கள் பத்து வயதின் உயிர் என்று மடக்குகிறார் இன்னொருவர். பகுதியைத் தொகுத்தவர் நடுவே புகுந்து, ரசனை அவரவர் விருப்பம், இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது என்று பஞ்சாயத்தை முடித்து வைக்கிறார்.

முதலாமவரை மன்னிக்கலாம். இரண்டாமவரோடு வாதிடலாம். மூன்றாமவரை என்ன செய்வது? விமர்சகர் க.நா.சு. நல்ல எழுத்தாளர்கள் யார் யார் என்று பட்டியல் போட்ட நாட்களில் அவரோடு மல்லுக்கு நின்றவர்கள்கூட, பட்டியல் போடுவது அவர் இஷ்டம் என்று விட்டுவிடவில்லை. எதிரணியில் நின்ற மார்க்சிய விமர்சகர் கைலாசபதி தரப்பின் கோபத்திலேயே ஒரு மரியாதை இருந்தது. ரசனை என்பது வீட்டுக்குள் பூட்டிவைக்கும் சமாசாரம் அல்ல என்று இரு தரப்பும் நம்பின.

ஒரே ஓர் உதாரணத்தை எடுத்து, அது தாங்கும் மட்டும் குடைவோம். 1991இல் சேகா வெளியிட்ட 'சோனிக் த ஹெட்ஜ்ஹாக்'. வேகத்தைச் சொல்லியே விற்கப்பட்ட ஆட்டம், நாயகன் ஒரு நீல முள்ளெலி. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சி நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும். ஐரோப்பாவின் பால் முறையில் 50 முறை. (நம் தூர்தர்ஷனும் 50தான்.) அந்த ஆட்டத்தின் நிரலுக்கு நொடி என்றால் என்னவென்று தெரியாது. திரை ஒரு முறை புதுப்பிக்கப்பட்டால் இத்தனை புள்ளி நகர் என்பதே அதற்குத் தெரிந்த கணக்கு. ஐரோப்பாவுக்கு அனுப்பும்போது அந்தக் கணக்கை யாரும் திருத்தவில்லை. நியூயார்க்கில் 60 நொடியில் முடிந்த ஓட்டம் லண்டனில் 72 நொடி பிடித்தது. முள்ளெலி ஆறில் ஒரு பங்கு வேகத்தைச் சுங்கத்திலேயே கட்டிவிட்டு வந்தது. (தன் கதையின் தலைப்பை எடுத்துக்கொண்டதற்கு பாரதி மன்னிக்க.) திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வேறு. மசாட்டோ நகமுராவின் இசையும் அதே கணக்கில் ஓடியதால் சுருதி ஏறக்குறைய அப்படியே நிற்க, காலப்பிரமாணம் மட்டும் தளர்ந்தது. அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் இசையை மட்டும் சரிசெய்துவிட்டு ஓட்டத்தைப் பழையபடியே விட்டார்கள்.

ஐரோப்பாவில் வளர்ந்தவர்களில் சிலர் பின்னாளில் 60இல் ஆடிப் பார்த்துவிட்டு, முதல் கட்டமான 'கிரீன் ஹில்'லின் மெட்டு ஏன் இப்படிப் பதறுகிறது என்று கேட்டார்கள். இப்போது இரண்டாமவர் வரட்டும். ஏக்கம்தானே என்று சொல்லட்டும். ஆமாம், எதன் மேல் ஏக்கம்? படைத்தவர்கள் உத்தேசிக்காத ஒரு வேகத்தின் மேல். ஆனால் அந்த வேகம் கற்பனை அல்ல, கடிகாரம் வைத்து அளக்கலாம். அந்த வேகத்தில் குதிக்கும் முன் பின்னணியைப் பார்க்கக் கண்ணுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். பின்னணியில் அருவி இருக்கிறது. அந்த அருவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. அதை ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளி, நெட்டுக்குத்தான கோடுகளாக வரைந்திருந்தார்கள். பழைய டிவியின் மட்டமான கேபிளில் கோடுகள் ஒன்றோடொன்று கலங்கி, ஊடுருவிப் பார்க்கக்கூடிய தண்ணீராகும். இன்றைய துல்லியமான திரையில் அது கம்பி வேலி. பழைய டிவியில் பார்த்தால்தான் அழகு என்று சொன்னவரை ஏக்கப் பேர்வழி என்று கேலி செய்தவர்கள் இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வது நல்லது. அவர் சொன்னது அச்சொட்டான தொழில்நுட்பத் தகவல், சொன்ன குரல் கொஞ்சம் தழுதழுத்துவிட்டது, அவ்வளவே.

இசைத்தட்டுக்காரர்களை நினைக்காமல் மேலே போக மனம் வரவில்லை. நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பேருக்குத்தான். ஆரம்பகாலத் தட்டுகளில் அதற்குக் குறைந்த வேகத்தில் பதிவானவை உண்டு, எண்பதைத் தாண்டியவையும் உண்டு. சுற்றைக் கூட்டினால் காலமும் சுருதியும் சேர்ந்தே ஏறும். நாடகப் பாடகர் கிட்டப்பா 27 வயதில், 1933இல் போய்விட்டார். அவர் சுருதி எது என்று தட்டை மட்டும் வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. நமக்கு கிராமபோன் பைத்தியம் பிடித்திருந்த நாட்களில் இரண்டு பெரியவர்கள் பெட்டியின் வேகத் திருகை நூலளவு இப்படி, நூலளவு அப்படி என்று மாற்றி மாற்றித் திருகிச் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறோம். இருவரும் சிறுவயதில் எந்தெந்தப் பெட்டியில் கேட்டார்களோ அந்தந்த கிட்டப்பாவுக்காகத்தான் வாதாடினார்கள். ஆனால் அவரவர் விருப்பம் என்று ஒருவரும் எழுந்து போகவில்லை. ஒருவர் உள்ளே போய் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

இரண்டாமவர் கட்சிக்கும் சான்று இல்லாமல் இல்லை. 2000இல் நின்டெண்டோ ஒரு கண்காட்சியில் 'செல்டா' நாயகனை நிஜ வீரன் போல வாள் வீசவிட்டுக் காட்டியது. மறு ஆண்டு காட்டியதோ முட்டைக் கண் கார்ட்டூன் சிறுவன். துரோகம் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். 2002 கடைசியில் 'விண்ட் வேக்கர்' வந்தது. எட்டு வயதில் அந்தக் கடலில் இறங்கிய பிள்ளைகள் முப்பதைத் தொட்டதும் அதுவே பொற்காலச் சின்னம். ஆனால் அதே ஆண்டுகளில் தத்ரூபம் என்று மெச்சப்பட்ட எத்தனையோ ஆட்டங்களின் மனித முகங்கள் இன்று மெழுகாகத் தெரிகின்றன, கார்ட்டூன் கடல் மங்கவில்லை. வயதுதான் காரணம் என்றால் இரண்டும் ஒன்றுபோல் இனிக்க வேண்டாமா? 2013 மறுபதிப்பில் படகுக்கு வேகப் பாய் சேர்த்தார்கள். படகு மெதுவாகப் போனதால்தான் கடல் பெரிதாக இருந்தது என்று வாதாடுபவர்கள் உண்டு. அது சண்டை. அங்கே ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஏக்கத்தை ஆராய்ந்த ஸ்வெத்லானா பாய்ம் அதை இரண்டாகப் பிரித்தார்: இழந்ததை மீட்டெடுக்கத் துடிப்பது ஒன்று, இழப்பை அசைபோடுவது இன்னொன்று. மூன்றாவதாக ஒன்றைக் கம்பெனிகள் சேர்த்துவிட்டன. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற இணைய ஆட்டத்தின் பழைய பதிப்பு திரும்ப வருமா என்று 2013இல் ரசிகர்கள் கேட்டபோது, நீங்கள் நினைப்பதுபோல் அது உங்களுக்கு வேண்டியதே இல்லை என்று அதை நடத்தும் நிறுவனத்தின் மேடையிலேயே பதில் வந்தது. 2016இல் ரசிகர்கள் தாங்களே நடத்திய பழைய பதிப்பை வக்கீல் நோட்டீஸ் மூட வைத்தது. 2019இல் அதே நிறுவனம் அதே பழையதைச் சந்தாவுக்குத் திறந்தது. வாசலில் மணிக்கணக்கில் வரிசை. பரிகசித்த வாய்தான் விலையும் சொன்னது.

நம்மூர் ஆட்கள் இதைவிட வேடிக்கையான நிலையில் இருக்கிறோம். இங்கே பெரும்பாலானோர் ஆடியது அசலே அல்ல, நகல் பெட்டியில் நகல் கேசட். 9999 ஆட்டங்கள் என்று அட்டையில் இருக்கும், உள்ளே மரியோவும் கான்ட்ராவும் இன்னும் சிலவும் வேறு வேறு பெயரில் சுற்றிச் சுற்றி வரும். ஓடாவிட்டால் கேசட்டைக் கழற்றி வாயால் ஊதிச் செருகுவோம். அந்தத் தலைமுறைக்கு நகலே மூலம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் எந்தப் பெட்டியின் கான்ட்ராவைப் புகழ்கிறோம் என்று சொல்லிவிட்டுப் புகழலாம்.

சொல்ல வேண்டுமானால் அந்தப் பெட்டி கிடைக்க வேண்டும். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கெடுத்துச் சொன்னது. பொருள் கைக்கு எட்டாதபோது மிஞ்சுவது ஆளுக்கொரு நினைவு. அந்த நிலைமை வந்தபின் ரசனை அவரவர் விருப்பம்தான். சரிபார்க்க ஒன்றும் இருக்காது. தொகுத்தவரின் சமாதானம் நம்மை அங்கேதான் கொண்டுபோய் விடும்.

ஆட்டக்காரர்களை விடுங்கள். சிற்றிதழ்களின் பொற்காலம் அறுபதுகளா எழுபதுகளா என்று கூட்டத்துக்குக் கூட்டம் மைக் பிடிக்கிறார்கள். எந்த இதழ், எந்த ஆண்டு, எந்தக் கட்டுரை என்று கேட்டால் பேச்சு மாறுகிறது. முழுத் தொகுதி வைத்திருப்பவர்கள் அதைப் பெண்ணின் சீதன நகை போலப் பூட்டி வைத்திருக்கிறார்கள், கரையானுக்கு மட்டும் சாவி தேவைப்படவில்லை. பரணில் கட்டாக வைத்திருப்போர் ஸ்கேன் எடுக்கக் கொடுங்கள், பத்திரமாகத் திருப்பித் தருகிறோம், போகவரச் செலவும் நம்முடையது. அதன் பிறகு பொற்காலமா பித்தளைக் காலமா என்று பக்கம் ஒதுக்கியே அடித்துக்கொள்வோம்.